பென்னா, எஸ்எஸ்டியா? கணினியை வெளியிலிருந்து தொடங்க நினைப்பவர்களுக்கு

இந்த மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் அக்கா ஒருவரின் லப்டொப்பில் விண்டோஸ் ஏற மாட்டேன் என்கிறது. மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள் முழுக்க அதற்குள்தான். கிண்ணியாவில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவனுக்குச் சொந்தக் கணினி இல்லை. மாமா வீட்டு டெஸ்க்டொப்பில் புரோகிராமிங் பழக வேண்டும், ஆனால் மாமாவின் விண்டோஸில் கை வைத்தால் வீட்டில் சண்டை. மூன்றாவது, கோணேசபுரியில் கம்பஸ் படிக்கும் பிள்ளை. அறையில் ஒரு கணினி, வீட்டில் ஒரு கணினி, நண்பியிடம் இன்னொன்று. எதன் முன்னால் இருந்தாலும் தன் கோப்புகளும் மென்பொருள்களும் தான் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும் என்கிறாள்.

மூவருக்கும் கடையில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஒரு பென் வாங்கிக்கொண்டு வாங்கோ, லினக்ஸ் போட்டுத் தாறன்." பென் என்றால் யூஎஸ்பி பென் டிரைவ். லினக்ஸ் என்றால் விண்டோஸ் போல இன்னொரு பணிசெயல் முறைமை, இலவசமானது. இந்தப் பதில் மூவரில் ஒருவருக்குத்தான் முழுப் பதில்.

யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்குவது ஒன்றும் மந்திரம் இல்லை. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் சிறு மென்பொருள். பழைய கணினிகளில் அது பயாஸ், பின்னால் வந்தவற்றில் யூஈஎஃப்ஐ. எந்த டிஸ்க்கில் பணிசெயல் முறைமை இருக்கிறது என்று தேடி அதன் கையில் கணினியை ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த டிஸ்க் உள்ளே இருக்கிறதா, வெளியே தொங்குகிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாவுஸ் நொப்பர் நொப்பிக்ஸ் என்ற லினக்ஸை ஒரே சீடியிலிருந்து ஓட வைத்தார். இன்று பென்னில் நாம் செய்வது அதன் தொடர்ச்சிதான்.

ஆப்பிளின் எம்1, அதற்குப் பிந்திய சில்லுகள் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். கீழே சொல்லும் பென்கள் அவற்றில் ஏறாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

கடைக்குப் போனால் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி: கழற்றிய பிறகு என்ன மிஞ்ச வேண்டும்? ஒன்றும் மிஞ்ச வேண்டாம், வேலை முடிந்தால் சரி என்றால் ஒரு வழி. நேற்று எழுதிய கோப்பும் நிறுவிய மென்பொருளும் நாளைக்கும் இருக்க வேண்டும் என்றால் வேறு வழி. தவறான பொருளை வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றைக் கேட்காமல் போனவர்கள்தான்.

யாருடைய கணினி? சொந்தக் கணினி என்றால் பயாஸுக்குள் போய் எதையும் மாற்றலாம். மாமாவுடையது என்றால் ஒரு சுவடும் விடக்கூடாது. பாடசாலை, அலுவலகக் கணினி என்றால் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பென்னைச் செருக வேண்டும். பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது.

வேகம். இதில்தான் ஏமாறுகிறோம். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம், ஒரு பெரிய படக் கோப்பை ஒரே மூச்சில் வாசிக்கும் வேகம். பணிசெயல் முறைமை அப்படி வாசிப்பதில்லை. அங்கொன்று இங்கொன்றாக ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தொட்டுத் தொட்டு எடுக்கும், எழுதும். கொட்பேயிலிருந்து ஒரு லொறி மீனைக் கொழும்புக்கு அனுப்புவது ஒரு வேலை. அதே மீனைக் கால் கிலோ கால் கிலோவாக வீடு வீடாக விற்பது வேறு வேலை. பென் டிரைவ் முதலாவதை ஓரளவு செய்யும், இரண்டாவதில் மூச்சு வாங்கும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி இரண்டையும் செய்யும்.

யூஎஸ்பி வாசலையும் பார்க்க வேண்டும். 2.0 வாசலின் உச்சம் ஏட்டில் வினாடிக்கு 480 மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்). நடைமுறையில் வினாடிக்கு 30 முதல் 40 எம்பி வந்தால் பெரிய விஷயம். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் 3.0 வாசலுக்கு ஏட்டில் 5 கிகாபிட், பத்து மடங்குக்கும் மேல். நல்ல எஸ்எஸ்டியைக் கொண்டுபோய்க் கறுப்பு வாசலில் செருகிவிட்டு "இதுவும் சிலோ" என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கரண்டும் கடலும். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லை, ஆனால் மாரி தொடங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் போகும் பழக்கம் கரண்டுக்கு இன்னும் இருக்கிறது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பும் பற்றரி செத்த லப்டொப்பும் இதில் ஒன்றுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவுக்குக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு வழிக்கும் வேறு வேறு.

கடலைப் பற்றி வெளியூர்க் கட்டுரைகள் எழுதுவதில்லை. உப்புவெளியில் கடலைப் பார்த்த வீடு ஒன்றின் டெஸ்க்டொப்பில், முன்பக்க யூஎஸ்பி வாசல்கள் இரண்டும் உள்ளே பச்சை பிடித்துப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பென் செருகினால் ஒரு தடவை தெரியும், ஒரு தடவை தெரியாது. பாட்டுக் கேட்கும் பென் என்றால் கழற்றித் திரும்பச் செருகலாம். பணிசெயல் முறைமையே அதில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு நொடி தொடர்பு விட்டாலும் கணினி அப்படியே உறைந்துவிடும். கடற்கரை வீட்டில் பின்பக்க வாசலையே பாவியுங்கள். டிரைவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

தொலைந்தால்? பென் சட்டைப் பையிலிருந்து விழும் சாமான். மூதூர் பஸ்ஸில் விழுந்தால் எடுப்பவருக்கு உங்கள் மின்னஞ்சலும் கிடைக்கும், கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி நீங்கள் குறியாக்கம் செய்து வைத்திருந்தாலே தவிர.

செலவைக் கணக்குப் பார்க்கும்போது டேட்டாவையும் சேருங்கள். லினக்ஸில் பல வகை உண்டு: லினக்ஸ் மின்ட் ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி, பப்பி லினக்ஸ் 1 ஜிபிக்குள். நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவில் தரவிறக்குவதுதான் புத்தி. இறக்கிய கோப்பின் செக்சம்மை, அதாவது கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்ணை, ஒரு தடவை சரிபாருங்கள். பாதியில் அறுந்த கோப்பை எழுதிவிட்டு விடியும்வரை பென்னைச் சந்தேகித்தவன் நான்.

## முதல் வழி: வெறும் லைவ் பென்

தரவிறக்கிய லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென்னில் எழுதினால் முடிந்தது. 8 ஜிபி பென் போதும். நீங்கள் செய்வதெல்லாம் ரேமில் மட்டும் நடக்கும். அணைத்தால் எல்லாம் போய்விடும், அடுத்த முறை புதிதாகத் தொடங்கும்.

இந்த மறதிதான் அதன் பலம். கரண்ட் எத்தனை தடவை போனாலும் பென்னுக்கு ஒன்றும் ஆகாது, அதில் யாரும் எதையும் எழுதவில்லையே. வைரஸ் தங்க இடமில்லை. தொலைந்தால் நட்டம் பென்னின் விலை மட்டும். இரவல் கணினியின் உள் டிஸ்க்கை நீங்களாகத் திறந்து எழுதாதவரை அது தொடப்படாமலே இருக்கும்.

விண்டோஸ் ஏறாத கணினியிலிருந்து கோப்புகளை மீட்க இதைவிட மலிவான வழி கிடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத லப்டொப்பை வைத்துக்கொண்டு லினக்ஸ் ஒத்துவருமா என்று யோசிப்பவர்களும் இதில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் கதைக்கிறதா என்று உள் டிஸ்க்கைத் தொடாமலே தெரிந்துவிடும்.

சலிப்பும் அதே மறதியில்தான். ஒவ்வொரு முறையும் வைஃபை கடவுச்சொல்லைத் திரும்பக் கொடுக்க வேண்டும். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்நெட்99 அமைப்பு கூடவே வரும். ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகிய கைகள் என்றால் ஒவ்வொரு தடவையும் சேர்க்க வேண்டும். பாமினியில் அடித்த பழைய கடிதங்களைத் திறந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பை இன்னொரு பென்னில் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் போட வேண்டும். நாலாம் நாள் வெறுத்துவிடும். ரேம் 4 ஜிபிக்குக் குறைவென்றால் உலாவியில் பத்துத் தாவல் திறப்பதற்குள் திணறும்.

அப்புறம், வென்டோய் என்ற மென்பொருள். பென்னை ஒரு தடவை வென்டோயால் தயாராக்கிவிட்டால், ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணக் கோப்புப் போல அதில் போட்டு வைக்கலாம். தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டிக் கேட்கும். மின்ட், பப்பி, டிஸ்க்கை அப்படியே படியெடுக்கும் குளோன்சில்லா, விண்டோஸ் நிறுவி என நாலையும் ஒரே 32 ஜிபி பென்னில் வைத்திருக்கிறேன். செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத எதையும் தொடங்க விடாத காவல்) போட்டிருக்கும் ஒவ்வொரு புதுக் கணினியிலும் முதல் தடவை அதன் சாவியைப் பதியச் சொல்லிக் கேட்கும். மற்றவர் கணினியில் அது கொஞ்சம் சங்கடம். இன்னொன்று, அந்தப் பென்னைக் கொமினிகேஷனில் பிரின்ட் எடுக்கக் கொடுக்காதீர்கள். ஷோர்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். அசைன்மென்டுக்கு வேறு பென் வைத்திருங்கள்.

## இரண்டாம் வழி: நினைவுள்ள பென்

அதே லைவ் பென்னில் ஒரு பகுதியை ஒதுக்கி, மாற்றங்களை அங்கே சேமிக்க வைப்பது. ஆங்கிலத்தில் பெர்சிஸ்டன்ஸ் என்பார்கள். ரூஃபஸில் ஒரு சறுக்கியை இழுத்து எத்தனை ஜிபி என்று சொன்னால் சரி. கேட்க மிக நன்றாக இருக்கும். ஒரே பென், மலிவு, எல்லாம் ஞாபகம் இருக்கும். கடைக்காரர் "லினக்ஸ் போட்டுத் தாறன்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

முதலாவது, சாதாரணப் பென்னில் எழுதும் வேகம். சின்னக் கோப்புகள் என்றால் வினாடிக்கு 10 எம்பிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். உலாவி தன் தற்காலிகக் கோப்புகளை எழுதத் தொடங்கியதும் எலி நகரும், ஆனால் சொடுக்கியது பத்து நொடி கழித்துத்தான் நடக்கும். இரண்டாவது, அடியில் இருக்கும் மூலப் படிமம் மாறுவதே இல்லை. மாற்றங்கள் எல்லாம் அதன் மேல் ஒரு படலமாகப் போய்ப் படிகின்றன. அதனால் அப்டேட் செய்தால் பழையதும் புதியதும் இரண்டும் இடம் பிடிக்கும். முறைமையின் கருவான கேர்னலின் அப்டேட்டோ பலன் தராமலே இடத்தைத் தின்னும், ஏனென்றால் தொடங்குவது பழைய கேர்னலில்தான். 4 ஜிபி ஒதுக்கியவர்கள் ஒரு மாதத்தில் நிரம்பிவிட்டது என்று வருவார்கள். மூன்றாவது, கரண்ட். எழுதும் நேரத்தில் போனால் அந்தப் படலம் கெட்டுப்போகலாம். மலிவுப் பென்களின் நினைவுச் சில்லுகள் ஓயாமல் எழுதப்படுவதற்குச் செய்யப்பட்டவையும் இல்லை. ஒரு நாள் திடீரென்று 'எழுத முடியாது' என்று பூட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் யாருக்கு? கையில் காசில்லை, ஒரே பென்தான், ஆனால் வைஃபை கடவுச்சொல்லும் விசைப்பலகையும் ஒரு சில கோப்புகளும் ஞாபகம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு. அவர்கள் மின்ட், உபுண்டுவை விட்டுவிட்டுப் பப்பி அல்லது எம்எக்ஸ் லினக்ஸை எடுக்கலாம். இரண்டிலும் மாற்றங்களை ரேமில் வைத்துக்கொண்டு, அணைக்கும்போது ஒரேயடியாகப் பென்னில் எழுத வைக்க வழி இருக்கிறது. இதனால் பென்னின் தேய்மானம் குறையும், வேலை செய்யும்போது வேகமும் கிடைக்கும். கரண்ட் போனால் அன்றைய மாற்றங்கள் போகும், பென் தப்பும்.

வாங்கும்போது ஒரு சோதனை. 'ஒரு டெராபைட்' என்று எழுதி நம்ப முடியாத விலைக்கு விற்கும் பென்கள் போலி. உள்ளே சில ஜிபி மட்டும் இருக்கும், மேலே எழுதியதெல்லாம் காற்றோடு போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு மணிநேரம் ஓடவிட்டால் உண்மை தெரியும்.

## மூன்றாம் வழி: வெளி எஸ்எஸ்டியில் முழுமையாக நிறுவுவது

இதில் லைவ், படலம் எதுவும் கிடையாது. உள் டிஸ்க்கில் எப்படி நிறுவுவோமோ அப்படியே வெளி எஸ்எஸ்டியில் நிறுவுவது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, அதை யூஎஸ்பி 3.0ஆக மாற்றும் கேபிள் அல்லது உறை ஒன்று. 120 ஜிபியே தாராளம். சாட்டா எஸ்எஸ்டி நேரடியாகப் பொருத்தினால் வினாடிக்கு 550 எம்பி வரை வாசிக்கும். யூஎஸ்பி 3.0 வழியாகக் கொஞ்சம் குறையும், ஆனால் பாவிக்கும்போது வித்தியாசம் தெரியாது. பழைய லப்டொப்பின் உள் ஹார்ட் டிஸ்க்கைவிட வெளியே தொங்கும் எஸ்எஸ்டி கெதியாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

அப்டேட் முறையாக நடக்கும். கரண்ட் போனாலும் பதிவேடு வைத்திருக்கும் கோப்பு முறைமை பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். நிறுவும்போதே குறியாக்கத்தைத் தெரிவு செய்தால், தொலைந்தாலும் எடுப்பவருக்கு அது வெறும் தகரம். லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே பெரும்பாலான வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் இருப்பதால், இன்று டெல், நாளை லெனோவோ என்று மாற்றி மாற்றிச் செருகலாம். ஊர் ஊராகச் சுற்றும் எஸ்எஸ்டியில் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைக்கான அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவரை மட்டும் நிறுவாதீர்கள். இன்னொரு கணினியில் திரை கறுத்து நிற்க இடமுண்டு.

மறைந்திருக்கும் ஆபத்து நிறுவும் நாளில்தான் இருக்கிறது. இதை நான் மூதூரில் மச்சான் ஒருவனின் லப்டொப்பில் படித்தேன். என் எஸ்எஸ்டியை அவனுடையதில் செருகி, உள் டிஸ்க்கைத் தொடாமல், வெளி டிஸ்க்கை மட்டும் தெரிவு செய்து வடிவாக நிறுவினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கிண்ணியாப் பாலம் தாண்டுவதற்குள் அழைப்பு வந்தது. கறுப்புத் திரையில் கிரப் என்று ஏதோ எழுதியிருக்கிறதாம், விண்டோஸைக் காணவில்லையாம்.

நடந்தது இதுதான். யூஈஎஃப்ஐ கணினியில் உபுண்டு வகை நிறுவிகள், நீங்கள் எந்த டிஸ்க்கைச் சொன்னாலும், பூட்லோடரை (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல், திரையில் வந்த கிரப் அதுதான்) உள் டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய ஈஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும் பழக்கம் உள்ளவை. அதனால் நட்டம் இரண்டு பக்கமும். அவன் லப்டொப் என் எஸ்எஸ்டியைத் தேடிக்கொண்டு நிற்கிறது. என் எஸ்எஸ்டியோ பூட்லோடரை மூதூரில் விட்டுவிட்டு வந்ததால் வேறெந்தக் கணினியிலும் ஏறவில்லை. அவனுடைய விண்டோஸுக்கு உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. பூட் பட்டியலைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தெரிவு செய்து, பிறகு பயாஸில் அதை முதலாவதாக வைத்தால் சரி. அன்று எனக்கு அது தெரியாது. அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

ஆகவே நிறுவும்போது உள் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், அல்லது பயாஸில் அதை முடக்கிவிடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் அந்தக் கணினியில் நிறுவ வேண்டாம். உள் டிஸ்க்கே இல்லாத ஒரு பழைய லப்டொப் யாரிடமாவது இருந்தால், அரைமணி நேரம் இரவல் வாங்குங்கள்.

விண்டோஸையே இப்படி வெளியில் வைக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. மைக்ரோசொஃப்ட் 2012இல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸோடு 'விண்டோஸ் டு கோ' என்று ஒன்றைத் தந்து, 2020இல் விண்டோஸ் 10இன் 2004 பதிப்போடு அதை எடுத்துவிட்டது. ரூஃபஸ் கொண்டு இன்றும் செய்யலாம். ஆனால் கணினி மாறும்போதெல்லாம் லைசன்ஸ் இழுபறி, பெரிய அப்டேட்டுகளில் தகராறு. ஏதோ ஒரு விண்டோஸ் மென்பொருள் இல்லாமல் வேலையே நடக்காது என்றால் மட்டும், எஸ்எஸ்டியில் மட்டும்.

## நான்காம் வழி: பழைய ஹார்ட் டிஸ்க்கை உறையில் போட்டு

செத்த லப்டொப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் வீட்டில் கிடக்கிறது, காசில்லாமல் வேலை முடியுமே என்று தோன்றும். தொடங்கும், ஓடும். ஆனால் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் தட்டில் ஊசி ஓடிப்போய்ச் சின்னக் கோப்புகளைத் தேடும் வேகம் மிக மந்தம். யூஎஸ்பி 2.0 வாசல் 500 மில்லிஅம்பியர் மட்டும் தரும், சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கவே அது போதாமல் டிக் டிக் என்று சத்தம் போடும். ஓடும்போது மேசையைத் தட்டினால் பயம். தொடங்குவதற்கு இதை நான் சொல்ல மாட்டேன். லைவ் பென்னால் தொடங்கிவிட்டு மீட்கும் கோப்புகளைக் கொட்டி வைக்க, குளோன்சில்லாவால் எடுத்த படிமத்தை வைக்க இது அருமையான பெட்டி.

## ஒரே பார்வையில்

| | லைவ் பென் | நினைவுள்ள பென் | வெளி எஸ்எஸ்டி | பழைய ஹார்ட் டிஸ்க் |
|---|---|---|---|---|
| கழற்றிய பின் மிஞ்சுவது | ஒன்றுமில்லை | பெரும்பாலானவை, இடம் நிரம்பும்வரை | எல்லாம் | எல்லாம் |
| அன்றாட வேகம் | தொடங்க மந்தம், பிறகு பரவாயில்லை | திக்கித் திக்கி | உள் எஸ்எஸ்டிக்குக் கிட்ட | மிக மந்தம் |
| திடீரென்று கரண்ட் போனால் | பாதிப்பில்லை | சேமிப்பு கெடலாம் | பெரும்பாலும் தப்பும் | தட்டுக்கும் ஆபத்து |
| இரவல் கணினியில் | மிகப் பாதுகாப்பு | பாதுகாப்பு | நிறுவும் நாளில் கவனம், பிறகு பாதுகாப்பு | அதே |
| தொலைந்தால் | பென்னின் விலை | உங்கள் கணக்குகளும் | குறியாக்கினால் பயமில்லை | அதே |
| செலவு | மிகக் குறைவு | குறைவு | கூட | உறைக்கு மட்டும் |
| மறைந்த செலவு | ஒவ்வொரு முறையும் அமைக்கும் நேரம் | ஒரு வருடத்தில் இன்னொரு பென் | கேபிள், உறை, நீல வாசல் | உங்கள் பொறுமை |

## எந்த வழிக்கும் பொதுவான தலையிடிகள்

பூட் பட்டியலைத் திறக்கும் விசை கணினிக்குக் கணினி வேறு. டெல், லெனோவோவுக்கு எஃப்12. எச்பிக்கு எஃப்9. அசூஸ் லப்டொப்புக்கு எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாதிரிகளில் முதலில் பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். விண்டோஸ் ஏறுகிற கணினி என்றால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வருகிற நீலத் திரையில் வேறு சாதனத்திலிருந்து தொடங்கும் தெரிவு இருக்கும். இரவல் கணினியில் இந்த ஒரு தடவைப் பட்டியலை மட்டும் பாவியுங்கள், பயாஸில் வரிசையை மாற்றாதீர்கள்.

விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லொக்கர்தான் பெரிய பொறி. புது லப்டொப்புகளில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் குறியாக்கப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட்டை அணைத்தாலோ பயாஸில் எதையாவது மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அந்தச் சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மின்ட், உபுண்டு இரண்டும் செக்யூர் பூட் போட்டபடியே ஏறும் என்பதால் பெரும்பாலும் அதை அணைக்கத் தேவையே இல்லை.

விண்டோஸை 'ஷட் டவுன்' செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அப்போது லினக்ஸில் அந்த டிஸ்க்கை வாசிக்கலாம், எழுத விடாது. ரீஸ்டார்ட் கொடுத்துப் போனால் இந்தச் சிக்கல் வராது. சில இன்டெல் லப்டொப்புகளில் டிஸ்க் ஆர்எஸ்டி என்ற இன்டெலின் சொந்த முறையில் வைக்கப்பட்டிருக்கும். லினக்ஸுக்கு அந்த டிஸ்க்கே தெரியாது, பதறாதீர்கள், டிஸ்க் செத்துவிடவில்லை.

இன்னொரு வேடிக்கை. லினக்ஸ் பாவித்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்னால் நிற்கலாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் பொது நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை. விண்டோஸில் ஒரு தடவை நேரத்தை ஒத்திசைத்தால் சரியாகிவிடும். மாமாவுக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

வைஃபை வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதை எந்த டிரைவரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

## மூவருக்கும் என் பதில்

கிண்ணியாத் தம்பிக்கு: ஒரு பென், எம்எக்ஸ் லினக்ஸ், அணைக்கும்போது சேமிக்கும் முறையில். பைதன் பழக அது போதும். எழுதும் நிரல்களை நாளாந்தம் மின்னஞ்சலில் உனக்கே அனுப்பி வை. மாமாவின் டிஸ்க்கைத் திறக்கவே வேண்டாம், அதன் படத்தைக் கூடச் சொடுக்காதே. காசு சேர்ந்ததும் எஸ்எஸ்டிக்கு மாறு.

கம்பஸ் பிள்ளைக்கு: வெளி எஸ்எஸ்டி, குறியாக்கத்தோடு, வேறு யோசனையே வேண்டாம். உள் டிஸ்க்கைக் கழற்றி வைத்த கணினியில் நிறுவுங்கள். பாமினியையும் ரெங்கநாதனையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். கேபிள் இரண்டு வாங்குங்கள், முதலில் சாவது அதுதான்.

உவர்மலை அக்காவுக்குக் கடைக்காரர் சொன்ன பென்னே சரி, ஆனால் ஒரு நாளைக்கு மட்டும். லைவ் பென்னால் தொடங்கி, படங்களை இன்னொரு டிஸ்க்குக்கு எடுங்கள், வேறு எதையும் தொட முன்னர். உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஒவ்வொரு நிமிடமும் அந்த டிஸ்க்கின் ஆயுளில் கழியும். படங்கள் பத்திரமான பிறகு எஸ்எஸ்டி வாங்குங்கள், ஆனால் வெளியே தொங்கவிடாதீர்கள். உங்கள் லப்டொப்பின் அடியில் இருக்கும் சில திருகாணிகளைக் கழற்றினால் பழைய டிஸ்க் இருக்கும் இடத்தில் அதே எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். கேபிளும் வேண்டாம், உறையும் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் நானே போட்டுத் தருகிறேன், படங்களை எடுக்க ஒரு டிஸ்க்கை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள்.